காற்றில்லாத இடத்துக்கு ஒரு பாய்

செவ்வாய்க்கிழமை இரவு.

பின்னேரம் கனடாவில இருந்து இவற்ற தங்கச்சி ரெஜினா போன் எடுத்தவ. "அண்ணை, ஒரு பாய்க்குச் சனமெல்லாம் காசு போடுது. நானும் போட்டனான்" எண்டா. நான் படுக்கிற பாய் எண்டு நினைச்சன். இவர் வள்ளத்தில காத்துக்குக் கட்டுற பாய் எண்டு நினைச்சு, "ஆரின்ர வள்ளத்துக்கு?" எண்டு கேட்டார். இங்க ஆரின்ரயும் வள்ளம் கடலோட போனால் ஊரே சேர்ந்துதானே வாங்கிக் குடுக்கிறது.

அவ சிரிச்சா. அது விண்கலமாம். எஞ்சின் இல்லையாம். பெரிய மெல்லிய பாயை விரிச்சால் வெயில் பட்டுத் தள்ளுமாம். ஒருத்தருக்கொருத்தர் முகமே தெரியாத சனம் உலகம் முழுக்க இருந்து போட்ட காசாம். எனக்கு அதுவே பெரிய அதிசயமாக் கிடந்தது.

"சரிச்சுப் பிடிச்சால் திரும்புமோ?" எண்டார் இவர்.

"ஓம் அண்ணை, அப்பிடித்தான் திருப்புறது."

இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப எங்கட பாய்தான். ஆர் போயினம் அதில?"

"ஒருத்தரும் இல்லை. அது திரும்பி வராது."

இவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். பிறகு, "எங்கட பங்கையும் போடு" எண்டார்.

எங்கட வள்ளத்தின்ர எஞ்சின் திருத்த வச்ச காசு அது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஏசத்தான் வாயெடுத்தனான். இவர் சுவரில கிடக்கிற தன்ர தம்பியின்ர படத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார். கடல் தொழிலுக்குப் போன தம்பி வருவான் எண்டு இவர் துறையிலயே கிடந்த நாளுகள் எனக்குத் தெரியும்.

நான் போய் அந்தக் காசை எண்ணி எடுத்து வச்சன். கரையில நிண்டு ஒருத்தரும் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லாத வள்ளம் இது ஒண்டுதான்.