ஒரே பாத்திரத்துக் கஞ்சி

மார்ச் 3, செவ்வாய்

மனநல மருத்துவமனையில் டயட்டீஷியனாகச் சேர்ந்து இன்றோடு நான்கு மாதம். என் கலோரிக் கணக்கெல்லாம் இங்கே பாதி நாள் தோற்றுப்போகிறது. ஆண்கள் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் வெள்ளைத்துரை அண்ணன் பேரையூர்ப் பக்கம் பருத்தி போடுகிறவர். சாப்பாட்டில் விஷம் கலந்திருப்பதாகச் சொல்லி ஐந்து நாளாக எதையும் தொடவில்லை. தானே குழாயைத் திறந்து பிடிக்கும் தண்ணீர் மட்டும்தான். மாத்திரையையும் துப்பிவிடுகிறார். எடை நாற்பத்தொரு கிலோ.

"வியாழன் வரைக்கும் பாப்போம், ரூபினா. அப்புறம் மூக்குல டியூப்தான்" என்றார் டாக்டர் தமிழ்மாறன்.

கையைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் போட வேண்டியிருக்கும். அதன்பிறகு எங்களை நம்புவாரா?

மார்ச் 4, புதன்

இட்லி, முட்டை, வாழைப்பழம் — எல்லாம் திரும்பி வந்தன. மதியம் நானே கஞ்சியோடு போனேன்.

"நீ மொதல்ல குடி தாயி. பெறகு நான் குடிக்கிறேன்."

எனக்கு நோன்பு. விழித்துக்கொண்டு நின்றேன்.

"பாத்தியா, நீயே குடிக்க மாட்டேங்குற." டம்ளரைத் தட்டிவிட்டார்.

ஒரு உசுருக்காக நோன்ப விட்டுட்டு இன்னொரு நாள் வச்சிருக்கலாமே, அது ஏன் அப்ப எனக்குத் தோணல? என்ன படிச்சு என்ன?

ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது விளாங்குடி பஸ்ஸில் சட்டென்று உறைத்தது. 'குடிக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறார். ஆறு நாளில் முதல் முறையாக! இறங்க வேண்டிய நிறுத்தத்தையே தவறவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

காலையிலேயே போய் உண்மையைச் சொன்னேன். "அண்ணே, எனக்கு நோன்பு. சாயங்காலம் பாங்கு சொன்னதும்தான் குடிப்பேன். ஒரே பாத்திரத்துக் கஞ்சி. மொதல்ல நான், பெறகு நீங்க."

"பச்சத்தண்ணிகூடக் குடிக்க மாட்டியா?"

"மாட்டேன்ணே."

"அம்புட்டு நேரமுமா?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, வா."

டாக்டரிடம் ஏழு மணி வரை அவகாசம் வாங்கினேன். நோன்பு திறக்க வீட்டுக்கு வரமாட்டேன் என்று கணவருக்குப் போன் செய்தேன். "மொதல்ல அவரச் சாப்பிட வை" என்றார் யூனுஸ்.

சமையல்கார முத்துத்தாய் அக்கா கஞ்சி வைத்துத் தந்தார். ஆறரைக்குப் பாங்கு கேட்டது. நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழத்தை மறந்தேபோனேன். இரண்டு டம்ளரில் ஊற்றி, என்னுடையதில் மூன்று வாய் குடித்தேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தன் டம்ளரைத் தள்ளிவிட்டு என் கையிலிருந்ததை வாங்கி, மிச்சத்தை முழுவதும் குடித்தார்.

"இன்னும் ஊத்து தாயி."

பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக ஊற்றினால் உயிருக்கே ஆபத்து. இல்லை என்று சொல்ல வேண்டியவளும் நானே! "ரெண்டு மணி நேரம் கழிச்சு அரை டம்ளர்ணே."

முறைத்தார். ஆனாலும் தலையாட்டினார்.

வராந்தா முழுக்க ஓடினேன். முப்பத்தாறு வயதில்.

மார்ச் 6, வெள்ளி

மாத்திரையை விழுங்கினார்.

மார்ச் 28, சனி

எடை நாற்பத்து நான்கு. மதியம் சாப்பாட்டுக்கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்திருந்தார். நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. தட்டை வாங்கிப் பிசைந்து ஒரு வாய் வைத்தவர் முகத்தைச் சுளித்தார். மறுபடியும் விஷம் என்பாரோ?

சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏத்தா முத்துத்தாயி, சாம்பார்ல உப்பே இல்ல. இத எப்படித் திங்கிறது?"

உப்புக் கிண்ணத்தை எடுக்க நானே ஓடினேன்.