பழுப்பு முக்கோணம்

ஜூன் 9, திங்கள்

இல்லை, நோய் எதுவும் இல்லை. சோர்வு மட்டும். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தும் தலைக்குள் ஏறாத சோர்வு. காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.

காப்ஸ்யூல் வந்துவிட்டது. அசிட்டைல் எல்-கார்னிடின். அமினோ அமிலத்திலிருந்து எடுப்பதாம். மூளைக்கு, தெம்புக்கு என்கிறது பாட்டில். காலையில் ஒன்று. ஜூலைக்குள் ஆய்வேட்டின் கடைசி இயல் கொடுத்தாக வேண்டும்.

கீழே வீட்டுக்கார அங்கிள், எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டார். தினமும் கேட்கிறார். நான் வாய் திறப்பதற்குள் ஆன்ட்டி பதில் சொல்லிவிடுகிறார். அதுவும் தினமும்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று கொஞ்சம் எழுதினேன். காப்ஸ்யூலா, பயமா, தெரியவில்லை.

வாங்க: சோப்பு, நீலப் பேனா, எலுமிச்சை.

லைப்ரரியில் தோழி பாரதி பக்கத்தில் உட்கார்ந்தாள், உடனே நாற்காலியை நகர்த்தினாள். அவளும் என் ஊர், ஹனூர்க்காரி. மறைக்கத் தெரியாது.

"ஏய், காத்தாலயே மீனாக்கும்? அதும் அந்த அய்யங்கார் வூட்ல?"

தின்னவில்லை. கையை முகர்ந்தேன். என் வாடை எனக்குத் தெரியவில்லை. போனில் தேடினால், இந்தக் காப்ஸ்யூல் சிலருக்கு வியர்வையில் மீன் வாடை தருமாம். சிலர். நான்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டு முறை குளித்தேன். காப்ஸ்யூலை நிறுத்தவில்லை. இயல் பாதியில் நிற்கிறது.

தண்ணீர்த் தொட்டி பார்ப்பதாக ஆன்ட்டி மேலே வந்தார். தொட்டியைப் பார்க்கவில்லை. என் குப்பைக் கூடையைப் பார்த்தார்.

இந்த அறை கிடைக்கும் முன் போன இடமெல்லாம் அசைவமா என்றுதான் முதல் கேள்வி. இங்கே உண்மையைச் சொன்னேன்: ஊரில் சாப்பிடுவேன், இங்கே இல்லை. அதை நம்பித்தான் சாவி கொடுத்தார். இந்த இயல் முடியும் முன் வேறு அறை தேட முடியாது.

ஜூன் 16, திங்கள்

வெயில். ஆன்ட்டி கீழே கூப்பிட்டார். மேல்கோட்டைப் பக்கத்து அய்யங்கார்கள்; அவர் தமிழ் எனக்குப் பாதிதான் புரியும், என் தமிழ் அவருக்கும் அப்படியே. இன்று எல்லாம் புரிந்தது.

"ஒங்காத்துல என்ன வேணா சாப்பிடு, இங்க கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேனோல்லியோ?"

"சாப்பிடல ஆன்ட்டி."

"அப்போ என் மூக்கு பொய் சொல்றதா?"

மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார். ஓடிப்போய் பாட்டிலை எடுத்து வந்தேன், விளக்கினேன். கண்ணாடி மாட்டி, திருப்பித் திருப்பிப் படித்தார். ஒரு மூலையில் அவர் கட்டைவிரல் நின்றது. பழுப்பு முக்கோணம். அசைவக் குறி. காப்ஸ்யூலின் மேலுறை ஜெலட்டின், மாட்டெலும்போ எதுவோ. நான் கவனிக்கவே இல்லை. தினமும் காலையில், அவர்கள் பூஜை அறைக்கு நேர் மேலே.



உள்ளிருந்து அங்கிள்: "யாரு வந்திருக்கா? எந்த டிபார்ட்மென்ட்?"

இந்த முறை ஆன்ட்டி பதில் சொல்லவில்லை. பாட்டிலைக் கீழே வைக்கவும் இல்லை.

"இது பச்சைப் புள்ளி போட்டு வருமோ?" அங்கிள் இருந்த பக்கம் பார்த்தபடி, மெதுவாக.

இது மருந்தில்லை, அங்கிளின் டாக்டரைக் கேளுங்கள், எனக்கே பலித்ததா தெரியாது என்றேன். தலையாட்டினார்.

"பச்சைன்னாலும் வாடை வரலாம் ஆன்ட்டி."

"வரட்டும்."

மாதக் கடைசியைப் பற்றி அப்புறம் இருவரும் பேசவில்லை. பாட்டிலை வாங்கி, காகிதத்தில் சுற்றி கேட்டுக்கு வெளியே குப்பை வண்டிக்கு வைத்தேன். மேலே வந்து, பச்சைப் புள்ளி உள்ளதாகத் தேடி, ஆன்ட்டியின் போனுக்கு அனுப்பினேன்.