மணல்மேல் படிந்த பாசி

1956 ஆடி, வெள்ளிக்கிழமை. காவேரிப்பட்டினம்.

இன்று நடந்தது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஊரில் வயிற்றுப்போக்கு பரவியபோது நானும் பக்கத்து வீட்டுப் பாத்திமாவும் கொல்லையில் ஒரு மணல் தொட்டி கட்டினோம். ஆற்றுத் தண்ணீரை மேலே ஊற்றினால் அடியில் தெளிந்து வரும். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அதைத்தான் குடிக்கிறார்கள்.

காலையில் பாத்திமா, மணல்மேல் வழவழவென்று படிந்திருந்த பாசியைச் சுரண்டி எறிந்துவிட்டு மணலையும் அலசிப் போட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். மாலையில் வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"அந்தப் பாசிதாம்மா கிருமியைப் பிடிக்குது. மறுபடி படியற வரைக்கும் காய்ச்சிக் குடிங்க."

பாத்திமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மத்தியானம் எம் பையன் அதைத்தானேக்கா குடிச்சான்!"

என் மகளும் குடித்திருக்கிறாள்.

அவர் போன பிறகு பாத்திமா, "அழுக்கு எப்பிடிக்கா தண்ணியச் சுத்தம் பண்ணும்?" என்று கேட்டாள்.

மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. பாத்திமா வீட்டிலும் விளக்கு அணையவில்லை. தொட்டித் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து விளக்கருகே வைத்துப் பார்க்கிறேன். நேற்றைய தண்ணீருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.