பதினான்காம் கல்

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

வீப்கெ எழுதுகிறேன். நான் சுகம்தான். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தீவில் காற்று குறைந்ததா?

எனக்கு இடுப்பில் சின்ன அடி, பயப்பட ஒன்றுமில்லை. நான் வீடு வீடாகத் தபால் கொடுக்கும் ரோட்டன்பாக் ஊரை காஸல் நகரத்தோடு சேர்த்துத் தொண்ணூறு வருடம் ஆகிறது. ஆனாலும் இங்கே யாரும் தங்களை நகரத்தார் என்று சொல்வதில்லை. ஏழு வருடத்துக்கு ஒருமுறை பழைய ஊரெல்லையைக் கல் கல்லாகத் தொட்டு நடக்கிறார்கள். ஒரு கல் தவறினாலும் நடை அங்கேயே நின்றுவிடும்.

இந்த ஞாயிறு நானும் கூட நடந்தேன்; பதினான்காம் கல்லைக் காணவில்லை.

"ஓடைய மூடி டிராம் விட்டாங்கல்ல, அதுக்கடியில போயிருச்சு" என்றார் ரொட்டிக்கடை டிப்பெல்.

"உன் ஞாபகந்தான் அடியில போச்சு. கல்லு ஓடைக்கு அந்தப் பக்கம்யா!" என்றாள் சலவைக்கடை ரூப்ஸாம்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் தபால்பெட்டி உயரமாக இருக்கும். அதை எட்ட தினமும் நான் ஏறி நிற்கும் கல்லில் 14 என்று வெட்டியிருக்கிறது. கூட்டிப்போய்க் காட்டினேன்.

இடம் மறக்காமலிருக்க, புதிதாக வந்தவர்களைத் தூக்கி, எல்லைக்கல்லில் பின்புறம் படும்படி மூன்று முறை இடிப்பது இவர்கள் வழக்கம்.

"பதினோரு மாசமா நம்ம எல்லைய மிதிச்சிருக்கா. தூக்குங்கப்பா இவள!" என்றார் டிப்பெல். தூக்கி இடித்தார்கள். இனி நான் ஊர்க்காரியாம்.

நம் தேயிலை கொஞ்சம் அனுப்புங்கள். உட்கார அந்தக் கம்பளித் திண்டும் வேண்டும். விலாசத்தில் காஸல் வேண்டாம், ரோட்டன்பாக் என்றே எழுதுங்கள். இன்றைய தபால் பை கட்டியாகிவிட்டது, கிளம்புகிறேன்.

கடிதமும் வையுங்கள், அம்மா. தினமும் முந்நூறு பெட்டியில் போடுகிறேன். என் பெட்டியில் ஒரு கடிதம் விழுந்து மூன்று வாரம் ஆகிறது.

உங்கள் மகள்,
வீப்கெ