பஸ்ஸில் வந்த ரத்தம்

12 ஏப்ரல் 2005, திருப்பதி
வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்காவது எழுதுகிறேன். ஹரிபாபு எனக்கு ஆறு வருடம் இளையவன். அமெரிக்கா போய் வந்தான், ஆய்வகத்துக்குத் தலைவனானான். ரத்தத்திலுள்ள புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை ஓட்டுவது நான். அதை வைத்து இரைப்பைப் புற்றைக் கண்டுபிடிக்கலாம் என்ற கட்டுரையில் என் பெயர் இல்லை.

19 ஏப்ரல்
நகரியிலிருந்து கன்னியம்மாள். மாசியில் நாங்கள் நடத்திய ரத்தப் பரிசோதனை முகாமில் அவளுக்கு நோயில்லை என்று சொல்லியனுப்பினோம். இன்று வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தால் இரைப்பை முழுக்கப் புற்று. மகன் பழனி என்னைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணுமில்லன்னு நீங்கதான சார் சொன்னீங்க. அத்த நம்பிக்கினு அம்மா தறியிலயே குந்திக்கினு இருந்துச்சு."
"வுடுடா, மிசினு சொன்னத அவுரு சொன்னாரு," என்றாள் அவள்.
மிசினை ஓட்டியது நான்.

20 ஏப்ரல்
ஆய்வுக்காக நோயாளிகளின் ரத்தத்தை வார்டில் எடுத்து உடனே பிரித்தோம். நோயில்லாதவர்களின் ரத்தம்? நகரி முகாமில் எடுத்து, கண்டக்டர் கையில் கொடுத்து, புத்தூர் வழியாக பஸ்ஸில் வந்தது. மணிக்கணக்கில், வெக்கையில். புரதம் சிதையாமல் என்ன செய்யும்? நாங்கள் பிரித்துக் கண்டது நோயை இல்லை — பஸ் பயணத்தை. இன்றும் அதே பஸ்தான்; முகாமிலிருந்து யார் ரத்தம் வந்தாலும் நோயில்லை என்றுதான் வரும்.

21 ஏப்ரல்
ஹரிபாபுவிடம் சொன்னேன். "வதிலேயண்டி சார், விட்டுடுங்க. உங்க கோவம் என் மேல. பாவம், பஸ் என்ன பண்ணுச்சு?" அறையே சிரித்தது. கோபம் இருப்பது உண்மைதானே.

27 ஏப்ரல்
என் ரத்தத்தையே இரண்டு குழாயில் எடுத்தேன். ஒன்றை உடனே பிரித்தேன். மற்றதைக் கண்டக்டரிடம் கொடுத்து நகரி வரை அனுப்பித் திரும்ப வாங்கினேன். முதல் குழாய்: புற்று. இரண்டாவது: இல்லை.

2 மே
கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு ஏழு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் ஹரிபாபு. கன்னியம்மாள் ஆறாவது பக்கத்தில்தான் வருகிறாள். கிழித்தேன்.

9 மே
திருப்பதியில் மொட்டைத் தலையை யார் கவனிக்கிறார்கள்? பஸ் நிலையத்தில் பழனி கூப்பிட்ட பிறகுதான் பார்த்தேன்.
"அம்மா போயிடுச்சு சார். எங்க சின்னம்மாவுக்கும் அதே வயித்து வலி. ஞாயித்துக்கெழம கேம்ப்புக்கு இட்டுக்கினு வரட்டா?"
வேண்டாம், வேலூருக்குக் கொண்டுபோய்க் குழாய் விட்டுப் பார் என்றேன். அவனுக்குச் சொல்லிவிட்டேன். வரிசையில் நிற்கப்போகும் மற்றவர்களுக்கு?

10 மே
ஒரே பக்கம். என் இரண்டு குழாய்களின் வரைபடம், யாரும் செய்து பார்க்கும்படி முறை. இதழுக்கு ஒன்று, முகாமுக்கு அனுமதி தரும் சித்தூர் அலுவலகத்துக்கு ஒன்று. என் பெயரைப் பார்த்தால் பொறாமை என்று ஒதுக்கிவிடுவார்கள். ரத்தம் யாருடையது என்ற இடத்தில் 'ஆண், வயது 48' என்று மட்டும் எழுதினேன். கையெழுத்தில்லாமல் நாளைக் காலை தபாலில் போடுகிறேன்.