பழைய பாஸ்போர்ட் செல்லாதாம்

பெரியவளின் அம்மாவுக்கு,

பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். சாவி செருப்பு அலமாரிமேல். முகத்துக்கு நேரே சொல்ல வெட்கப்பட்டு எழுதுகிறேன்.

"பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க, போய்ட்டு வந்து தபால்ல அனுப்பிக்கிறேன்" என்றுதான் நீ சொன்னாய். "தபால்காரன் என்ன உன் சம்பந்தியா?" என்று கேலி செய்துவிட்டு, நேற்று உன் பாஸ்போர்ட்டை ஆன்லைனில் நானே புதுப்பிக்கக் கொடுத்தேன். பொத்தானை அழுத்தியதுமே கையிலிருக்கும் பழையது செல்லாதாம். துணியை இருபுறமும் புரட்டிப் பார்க்காமல் வாங்காதவன், அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை. வியாழக்கிழமை பெரியவள் பிரசவத்துக்கு நீ எப்படி விமானம் ஏறுவாய்?

பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் நிற்கப் போகிறேன். காலைப் பிடித்தாவது கேட்கிறேன். பெரியவளிடம் நானே சொல்கிறேன்.

பி.கு.: 'விண்ணப்பிப்பவர் நானே' என்ற கட்டத்தில் உனக்காக டிக் போட்டதும் நான்தான். அங்கே உன்னைத்தான் நேரில் வரச் சொல்வார்கள். போன் செய்தால் எடு, திட்டுவதற்காவது.