பதினோரு பட்டத்து ஓலைக்கு மறுமொழி

மழை தவறாதிருக்க; கடல் ஊருக்குள் ஏறாதிருக்க; இவ்வோலை புறப்படும் கரையிலும் போய்ச் சேரும் கரையிலும் அடுப்புகள் அணையாதிருக்க.

தாழைத்தீவின் வேந்தரும், ஏழு துறைக்கு உடையாரும், சங்குக்கொடியாரும், புயலிற்பட்டாரைப் புரப்பவர் எனத் தம் குடிகளால் அழைக்கப்படுபவருமாகிய மாநாகர் திருமுன், கொன்றைவள நாட்டு நாட்டார் சபையாரும், அச்சபையில் வீற்றிருந்து யாவும் கேட்ட மன்னர் இளங்கண்டரும் கூடி விடுக்கும் ஓலை. தங்கள் குலமும் கோட்டையும் கலங்களும் நலம் பெற்று நிற்க.

தங்கள் பட்டங்களில் ஒன்றையும் விடாமல் எழுதினோம். எம் மன்னர் பெயருக்கு முன் ஒரு பட்டமும் இல்லாதது கண்டு தங்கள் ஓலை வாசிப்போர் திகைக்கக் கூடும். எழுதியவள் மறக்கவில்லை, அப்படியே எழுதுக என்பது மன்னர் வாய்மொழி. அதன் காரணம் கீழே வருகிறது. எமக்குப் பெருமை தரும் காரணம் அன்று. ஆயினும் மறைக்காமல் எழுதுக என்றும், அவையில் பேசியதைப் பேசியபடியே எழுதுக என்றும் சபை பணித்தது. ஆதலின் கொச்சைச் சொல்லையும் திருத்தாமல் விட்டிருக்கிறோம்.

சென்ற ஆவணிப் புயலில் எம் நண்டலைத் துறையிலிருந்து மீன்பிடிக்கப் போன மூன்று படகுகளும் நாற்பத்தொரு பேரும் காற்றில் அடிபட்டுத் தங்கள் கரையில் ஒதுங்கியதைத் தாங்கள் அறிவீர்கள். அவர்களைக் குறித்துத் தாங்கள் ஐப்பசித் திங்களில் ஓலை ஒன்று விடுத்ததையும் அறிவீர்கள். அவ்வோலைக்கு ஐந்து திங்களாக விடை ஏன் வரவில்லை என்பதுதான் தாங்கள் அறியாதது.

எம் நாட்டில் புறநாட்டு அலுவல்களைக் கவனிப்பது தூதுக்களம். அதன் தலைவர் தூதுநாயகர் அதிராசநம்பி. அக்களத்தில் வருகிற ஓலையை முதலில் தொட்டு வாசிக்கும் பணி கொற்றி என்பவளுடையது. இவள் சுண்ணாம்புக் காளவாயில் கிளிஞ்சல் சுடும் சாத்தன் மகள். இவள் குடியில் இவளுக்கு முன் எழுத்தறிந்தவர் எவருமில்லை. கொன்றையூர்க் கல்விச்சாலையில் ஆறாண்டு பயின்று தேறி, சென்ற புரட்டாசியில்தான் தூதுக்களத்து வாயிலுக்குள் கால் வைத்தாள். வைத்த நாளிலேயே அங்குள்ள ஒரு முறையைக் கற்றுக் கொடுத்தார்கள்.

அம்முறை யாதெனில், புறநாட்டு ஓலை வந்தால் அதன் பொருளைப் படிப்பதற்கு முன் முகப்பிலுள்ள பட்டங்களை எண்ண வேண்டும். எம் மன்னருக்கு உரிய பட்டங்கள் பன்னிரண்டு. ஒன்று குறைந்தாலும் அவ்வோலை வந்ததாகக் கொள்ளப்படாது. எண்ணியவரே அதைச் சுருட்டிக் கட்டி, களத்து உத்தரத்தில் தொங்கும் மண்குடத்தில் இட்டுவிட வேண்டும். குறையோலைக் குடம் என்று அதற்குப் பெயர். அதில் விழுந்ததை வெளியே எடுத்தால் நேர்ந்த அவமதிப்பை நாமே ஏற்றதாகும் என்பது முன்னோர் கொள்கை. எந்த முன்னோர் என்று எவரும் கேட்டதில்லை. கொற்றியும் கேட்கவில்லை.

ஐப்பசி பதினேழாம் நாள் தங்கள் ஓலை வந்தது. கொற்றி எண்ணினாள். பதினொன்று. விரல் வைத்து மறுபடி எண்ணினாள். பதினொன்றுதான். ‘திரைவென்றார்’ என்ற பட்டம் இல்லை. அங்கேயே வாசிப்பை நிறுத்தி, சுருட்டிக் கட்டி, குடத்தில் இட்டாள். தூதுநாயகர் மகிழ்ந்து, “பலே. சுண்ணாம்புக்காரன் மகளுக்குக் கண்ணு கூர்மைதான்” என்றார். அன்று வீட்டுக்குப் போய் அந்தச் சொல்லைத் தகப்பனிடம் சொல்லிப் பூரித்தாள்.

படகுகள் தாழைத்தீவுப் பக்கம் அடித்துச் செல்லப்பட்டதைப் புயலில் தப்பிவந்த வேறு படகினர் சொல்லக் கேட்டு, அமாவாசைதோறும் நண்டலைப் பெண்கள் தூதுக்களத்து வாயிலுக்கு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் நாற்பத்தொரு பெயரையும் சொல்லி மனு எழுதச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுத்தவள் கொற்றி. நாச்சி என்பவள், கணவனும் இரு மைத்துனரும் அந்தப் படகுகளில் போனவள், போகும்போது மட்டும் கேட்பாள்: “ஏதாச்சும் ஓலை வந்துச்சா தாயி?” கொற்றி சொல்வாள்: “வரலைக்கா. வந்தா நானே ஓடியாந்து சொல்லுவேன்.”

தூதுக்களத்து முறைப்படி அது பொய்யன்று. குடத்தில் கிடப்பது தாழைத்தீவு ஓலை என்பது கொற்றிக்குத் தெரியும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்வது என்று நான்கு அமாவாசை தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். ஐந்தாவது அமாவாசையில் நாச்சி கேட்கவேயில்லை. பெயர்களைச் சொன்னாள், மனுவை வாங்கினாள், முகத்தைப் பாராமல் போனாள். அன்று கொற்றி தூதுநாயகரிடம் போய், “ஐயா, அந்த ஓலையை ஒருக்கா பிரிச்சுப் பாத்துடலாமா?” என்று கேட்டாள்.

“எழுத்து படிச்சிருக்கே. முறை படிக்கலை. போய் எழுத்தாணியைத் தீட்டு” என்றார் அவர்.

இனி அவையில் நடந்ததைக் கேட்க. எம் நாட்டார் சபை ஆண்டுக்கொரு முறை, பங்குனி மூன்றாம் நாள், தூதுக்களத்தை முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்கும். ஒவ்வொரு கோட்டத்து உறுப்பினருக்கும் மூன்று கொட்டைப்பாக்கு கொடுக்கப்படும். ஒரு பாக்கைத் தட்டில் வைத்தால் ஒரு கேள்வி. மூன்றும் தீர்ந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். பாக்கு வைத்துக் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் எவரும் அவையை விட்டுப் போக முடியாது.

கடற்கோட்டத்து உறுப்பினர் பெருந்தேவன் எழுந்தார். உப்பளத்தில் வேலை செய்தவர். குரல் அலைக்கு மேலே கேட்டுப் பழகிய குரல். முதற் பாக்கை வைத்தார்.

“எங்க ஆளுங்க நாப்பத்தொரு பேரு போயி ஏழு மாசமாச்சு. அவுங்களைக் கூட்டியாரத் தூதுக்களம் என்ன செஞ்சுது?”

“ஆவன செய்யப்பட்டு வருகின்றன” என்றார் அதிராசநம்பி.

“யாரு செய்யிறா? எந்த ஊருல வச்சு?” என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

“வினவுவோர் பாக்கு வைத்து வினவ வேண்டும்” என்றார் நம்பி. கேட்டவரிடம் பாக்கு மிச்சமில்லை. உட்கார்ந்தார்.

பெருந்தேவன் இரண்டாவது பாக்கை வைத்தார். “சுத்தி வளைக்க வேணாம். தாழைத்தீவுலேருந்து ஓலை வந்துச்சா, வரலையா? ஒத்தைச் சொல்லு.”

“வரவில்லை.”

தூதுநாயகர் சொல்லும் விடைகளை அவைக்குறிப்பில் எழுதுவதும் கொற்றியின் பணி. அவர் காலடிக்குக் கீழே ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருந்தாள். ‘வர’ என்பது வரை எழுதினாள். அதற்கு மேல் கை போகவில்லை. வாயால் எத்தனை முறை சொன்னாலும் காற்றோடு போய்விடும். ஓலையில் கீறினால் தன் கையெழுத்தாய் நின்றுவிடும்.

பெருந்தேவன் கடைசிப் பாக்கைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றவர், அந்தக் கை நின்றதைப் பார்த்தார். பாக்கைத் தட்டில் வைத்தார்.

“ஏம்மா, நீ ஏன் எழுதாம நிறுத்திட்டே?”

“எழுதுபவளை வினவும் வழக்கம் இல்லை” என்றார் நம்பி.

“தூதுக்களத்தைக் கேக்கலாம்கிறதுதானே முறை? இந்தப் பொண்ணு என்ன, தாழைத்தீவுக் களத்துலயா வேலை பாக்குது?”

மன்னர் கையை உயர்த்தினார். அவை அடங்கியது. கொற்றி எழுந்தாள்.

“வந்துச்சு” என்றாள். “ஐப்பசி பதினேழு. பட்டத்தை எண்ணினது நான். ஒண்ணு கொறைஞ்சுது. குடத்துல போட்டதும் நான்தான்.”

“குறையோலை வந்ததாகாது. இவள் சொல்வது முறைப்படி பிழை” என்றார் நம்பி.

“பிழைதான். ஐப்பசியிலேருந்து செஞ்ச பிழை. வாசல்ல நின்னு அந்தக்கா கேட்டப்பல்லாம் வரலைன்னு சொன்ன வாய் இதுதான். எங்கப்பா காளவாய்ல வேலை பாக்குறவரு. கிளிஞ்சல் வெந்துச்சான்னு கேட்டா உடைச்சுப் பாத்துட்டுச் சொல்லுவாரு. கூடையில யாரு பேரு போட்டிருக்குன்னு பாத்துட்டுச் சொல்லமாட்டாரு. ஆறு வருஷம் படிச்ச எனக்கு அந்தப் புத்தி இல்லாமப் போச்சு. உங்க யாருக்கும் இல்லை. குடத்தை எறக்குங்க.”

நம்பி தீயவர் அல்லர், இதையும் எழுதுகிறோம். அவர் அப்போது சொன்னதில் நியாயம் ஒன்று இருந்தது. இன்று ஒரு பட்டத்தை விட்டால் நாளை ஓர் எல்லையை விடுவோம் என்றும், ‘திரைவென்றார்’ என்பதைத் தாழைத்தீவார் விட்டது கடல் தமதென்று காட்டவே என்றும் சொன்னார். வேந்தரே, தாங்கள் அதை மறந்தீர்களோ வேண்டுமென்றே விட்டீர்களோ, எமக்குத் தெரியாது. இனிக் கேட்கவும் போவதில்லை. ஏனெனில் அப்போது எம் மன்னர் பேசினார்.

“நான் படகுல ஏறினதே ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் வாந்தி. எந்தத் திரையை வென்றேன்? குடத்தைக் கொண்டாங்கய்யா.”

இதையும் எழுதச் சொன்னவர் மன்னரே.

குடம் அவை நடுவே உடைக்கப்பட்டது. பதினாறு ஓலைகள் விழுந்தன. மற்றப் பதினைந்து எவரெவருடையவை என்பது இவ்வோலைக்கு வேண்டாதது. அவற்றைப் படிக்கச் சபை இன்னும் ஏழு நாள் கூடும். தங்கள் ஓலையைக் கொற்றி பிரித்து, முகப்பைத் தாண்டி, முதன்முறையாகப் பொருளை வாசித்தாள். வழிதப்பி வந்தவர் மேல் குற்றமில்லை என்றும், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அடையாளம் காட்ட வல்ல ஒருவரைக் கடல் அடங்கியபின் அனுப்பினால் ஒப்படைப்போம் என்றும், பங்குனிப் பூரணைக்குள் எவரும் வாராவிடில் அவர்களைக் கேட்பாரற்றவர் எனக் கொண்டு தென்தீவில் கல் உடைக்கும் பணிக்கு அனுப்பிவிடுவோம் என்றும் எழுதியிருந்தீர்கள். அவள் படித்து முடித்தபோது பூரணைக்குப் பதினொரு நாள் இருந்தது. தங்கள் துறைக்குக் கடல்வழி ஐந்து நாள்.

நாற்பத்தொரு பேரின் பெயர் எவருக்குத் தெரியும் என்று சபை கேட்டது. தூதுக்களத்து ஏட்டில் ‘மீன்பிடிப்போர், நாற்பத்தொருவர்’ என்று மட்டும் இருந்தது. கொற்றி ஏட்டைப் பாராமல், நாச்சியின் கணவன் நண்டலை ஆண்டான், அவன் தம்பியர் குறும்பன், வீரன் என்று தொடங்கி, ஒருவன் புருவத்துத் தழும்பையும் ஒருவன் திக்குவாயையும் சேர்த்து, நாற்பத்தொன்றும் சொல்லி நிறுத்தினாள். ஐந்து அமாவாசை எழுதிய பெயர்கள்.

அவளையே தூதாக அனுப்பச் சபை துணிந்தது. அப்போது நம்பி எழுந்து, களத்து மறையை வெளியிட்டவருடைய எழுத்தாணியைப் பறித்து அலுவலிலிருந்து நீக்க வேண்டும் என்ற சட்டத்தை நினைவூட்டினார். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. சபை அவள் முகத்தைப் பார்த்தது.

“திரும்பி வந்து குடுக்குறேன்” என்றாள். “இப்ப இது எனக்கு வேணும்.”

ஆகவே இவ்வோலை அந்த எழுத்தாணியின் கடைசி வேலையாகவும் இருக்கலாம். அதனால் சொல்ல வேண்டியதை மிச்சம் வைக்காமல் சொல்லச் சபை அவளுக்கு இசைவளித்தது.

வேந்தரே, எம் பிழையை எம் வாயால் சொல்லிவிட்டோம். இரந்து நிற்கிறோம் என்று எண்ண வேண்டாம். குற்றமற்றவர் என்று தாங்களே எழுதிய மனிதரைத் தாங்களே கல்லுடைக்க அனுப்ப நாள் குறித்தீர்கள். ஓர் ஓலைக்கு விடை வரவில்லையென்றால் இரண்டாவது ஓலை எழுதத் தங்கள் நாட்டில் பனை இல்லையா? ஒரு படகை அனுப்பி, என்ன ஆயிற்று என்று கேட்கத் தங்கள் ஏழு துறையில் ஓர் ஆள் இல்லையா? எம் களத்தில் ஒரு குடம் தொங்கியது. தங்கள் களத்திலும் ஏதோ ஒன்று தொங்குகிறது. அதை இறக்குவது தங்கள் நாட்டாரின் பாடு.

இனி ஆணை. இவ்வோலை கொண்டுவரும் கொற்றிக்குத் தங்கள் துறையில் நிற்க இடம் தருக. மாளிகை, விருந்து, காத்திருப்பு எதுவும் வேண்டாம். அவள் பெயர் சொல்லி அழைப்பாள். அழைக்கப்பட்டவர் வந்து எம் கலத்தில் ஏறுக. எவரேனும் அங்கே இறந்திருந்தால், அப்பெயர் வரும்போது தாங்களே அவள் முன் நின்று, எந்த நாள், எதனால் என்று சொல்லுக. அவள் அதை எழுதிக்கொண்டு வருவாள். வாயிலில் கேட்பவர்களுக்கு அவள்தான் சொல்லியாக வேண்டும். எல்லாப் பெயருக்கும் விடை கிடைக்கும்வரை அவள் கலம் பாய் விரிக்காது. பூரணை கழிந்தாலும் விரிக்காது.

எம் அரச முத்திரையின் விளிம்பில் பன்னிரண்டு பட்டங்களும் வெட்டப்பட்டிருப்பதால் அதை இதில் இடவில்லை. அரக்கின் மேல் கடற்கோட்டத்துப் பெருந்தேவன் வைத்த மூன்றாம் பாக்கு அழுத்தப்பட்டுள்ளது. அதன் கீழே மன்னர் பெருவிரல் பதித்துள்ளார். தங்கள் ஓலை வாசிப்போர் இதில் எண்ண ஒன்றுமில்லை, முழுவதும் படிக்க.

பங்குனி நான்காம் நாள், நண்டலைத் துறையில், கலம் ஏறும் முன் எழுதியது. இவை கொற்றி எழுத்து.

முதற் பெயர் ஆண்டான். அவனை முன்னால் நிறுத்தி வைக்க.